விஞ்ஞானக் கண்காட்சியும் வேண்டிய தாள்களும்
விருத்தாசலம் களிமண்ணை முன்வைத்து ஒரு விளக்கம்

கிராமங்களில் வாழும் சிறுவர் சிறுமியருக்கு அறிவுக் கூர்மை குறைவு என்று இன்று எவரும் சொல்லத் துணியார். வாய்க்காலில் நீர் ஏன் ஓரிடத்தில் சுழல்கிறது, ஒரே மண்ணில் செய்த இரு பானைகளில் ஒன்று மட்டும் ஏன் வெடிக்கிறது என்பன போன்ற வினாக்கள் அவர்கள் உள்ளத்தில் இயல்பாகவே எழுகின்றன. அவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சிக்கே விஞ்ஞானம் என்று பெயர். அம்முயற்சியை நாலு பேர் அறிய எடுத்துவைக்கும் இடம் விஞ்ஞானக் கண்காட்சி.

நிற்க. கண்காட்சிக்குச் செல்லும் வழியில் ஒரு வாயில் உண்டு. அதுதான் தாள்கள். விண்ணப்பம், திட்டக் குறிப்பு, இசைவுக் கடிதம், நாட்குறிப்பு, சுருக்கம், அறிக்கை எனப் பலவாக அவை அமைந்துள்ளன. நல்ல கருத்தும் கடின உழைப்பும் இருந்தும், ஒரு கையெழுத்து இல்லாமையாலோ ஒரு தேதி பிந்திப் போனமையாலோ இவ்வாயிலிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் உளர். நகரத்துப் பிள்ளைக்குப் படிவம் நிரப்பத் துணைசெய்யும் பெற்றோர் வீட்டிலேயே இருப்பர். களத்திலும் சூளையிலும் நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளியும் ஊருமே துணை. ஆகவே, இத்தாள்கள் எவை, எதற்காகக் கேட்கப்படுகின்றன, எப்பொழுது எழுதப்பட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஊரே ஓர் ஆய்வுக்கூடம்

எடுத்துக்காட்டாகக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் திருக்கோயிலோடு விளங்கும் பழம்பதி இது. இருப்புப் பாதைகள் கூடும் சந்திப்பும் ஆகும். இவ்வூருக்குப் பீங்கான் தொழிலால் தனிப் பெயர் உண்டு. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் தொழில்நுட்ப நிலையமும் இங்கே அமைந்துள்ளன. கொலுப் பொம்மைகள், கோப்பைகள், ஜாடிகள், மின்சார ஃப்யூஸ் கட்டைகள் முதலியன இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகி வெளியூர்களுக்குச் சென்றுள்ளன. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் இருந்து நிலக்கடலை, முந்திரி ஆகிய பயிர்களில் புதிய இரகங்களை அளித்து வந்துள்ளது.

இத்தகைய ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள், எரிமலை பொங்குவது போன்ற பழைய மாதிரியைக் கடையில் வாங்கிய பொருள்களால் செய்து காட்ட வேண்டிய தேவை என்ன? காலடியில் கிடக்கும் களிமண்ணே நூறு வினாக்களை எழுப்பவல்லது.

கண்காட்சிகள் சில

நம் நாட்டில் மாணவர்க்கான விஞ்ஞான அரங்குகள் பல உள்ளன. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 1971-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கான தேசிய விஞ்ஞானக் கண்காட்சியை நடத்தி வந்துள்ளது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இல் தொடங்கியது. 10 முதல் 17 வயது வரையுள்ளோர் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து தாய்மொழியிலேயே அளிக்கலாம் என்பது அதன் சிறப்பு. தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அப்பணியில் பெரும்பங்கு ஆற்றியது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க நிறுவனமும் இணைந்து நடத்தும் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டம் மற்றொன்று. 6-ஆம் வகுப்பு முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்க்கென அமைந்து, பின்னர் மேல் வகுப்புகளுக்கும் விரிந்த இத்திட்டத்தில், தேர்வு பெறும் கருத்துக்கு மாதிரி செய்து மாவட்டக் கண்காட்சியில் வைப்பதற்காக ரூ. 10,000 வழங்கப்படுகிறது.

உலக அளவில், அமெரிக்க நாட்டில் 1950-இல் தேசியக் கண்காட்சியாகத் தொடங்கி 1958-இல் பிற நாட்டு மாணவரையும் ஏற்ற பன்னாட்டு விஞ்ஞானப் பொறியியல் கண்காட்சி புகழ் பெற்றது. ‘ஐரிஸ்’ தேசியக் கண்காட்சியின் வழியே இந்திய மாணவர்களும் அதற்குச் சென்று வந்துள்ளனர். தாள்களைப் பொறுத்தவரை இவ்வரங்கின் விதிகளே மிகக் கடுமையானவை. அவற்றின் கருத்தை அறிந்துகொண்டால் மற்ற அரங்குகளின் படிவங்கள் எளிதாகிவிடும். சோதனை தொடங்குமுன் ஆராய்ச்சித் திட்டம் எழுதப்பட வேண்டும். பொறுப்பேற்கும் பெரியவர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். பெற்றோரும் இசைய வேண்டும். அபாயம் இருப்பின் தனித் தாள், மனிதரிடம் வினவுவதாயின் தனித் தாள், விலங்குகளாயின் தனித் தாள், சென்ற ஆண்டின் வேலையைத் தொடர்வதாயின் அதற்கும் ஒரு தாள் என முறை வகுத்துள்ளனர். ‘முதலில் சிந்தி, பின்னர் செய், செய்ததை உள்ளபடி சொல்’ என்பதே இவற்றின் உட்பொருள்.

திட்டக் குறிப்பு எழுதும் முறை

ஒரு மாதிரித் திட்டத்தைக் கொண்டு இதனை விளக்குவோம். பச்சைக் களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். சுருக்கம் சீராக இல்லையேல் பாண்டம் கோணும் அல்லது பிளக்கும். முன்பே சுட்டு உடைந்த ஓட்டைத் தூளாக்கிப் புது மண்ணில் கலந்தால் சுருக்கம் குறையும் என்பது தொழிலாளர் அறிந்த உண்மை. சுட்ட தூள் மீண்டும் சுருங்காது என்பதே காரணம். ‘நம் ஊர் ஏரிக் களிமண்ணில் எவ்வளவு தூள் கலந்தால் எவ்வளவு சுருக்கம் குறைகிறது?’ என்று இரு மாணவியர் கேட்பதாகக் கொள்வோம்.

திட்டக் குறிப்பில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும். முதலாவது, வினா. இரண்டாவது, எதிர்பார்க்கும் விடையும் அதற்கான காரணமும். மூன்றாவது, வேண்டிய பொருள்களும் அவை கிடைக்கும் இடமும். நான்காவது, செய்முறை. ஐந்தாவது, அளவுகளை எவ்வாறு கணக்கிடுவது என்பது.

செய்முறையைப் பிறர் படித்துத் தாமே செய்து பார்க்கும் அளவுக்குத் தெளிவாக எழுதுதல் வேண்டும். ‘களிமண்ணில் தூள் கலந்து கட்டிகள் செய்வோம்’ என்பது போதாது. ‘தூள் இல்லாத மண்ணில் 3 கட்டிகள், நூற்றுக்கு 10 பங்கு தூள் கலந்ததில் 3, 20 பங்கு கலந்ததில் 3, ஆக 9 கட்டிகள் ஒரே மர அச்சில் வார்ப்போம். ஈரம் காயுமுன் ஒவ்வொன்றின் மீதும் 100 மில்லிமீட்டர் நீளக் கோடு கீறுவோம். நிழலில் உலர்ந்தபின் ஒருமுறையும், சுட்டபின் ஒருமுறையும் அக்கோட்டை அளப்போம்’ என்பது தெளிவான குறிப்பு. கணக்கும் எளிதே. 100 மில்லிமீட்டர்க் கோடு உலர்ந்தபின் 93 ஆயின் உலர்சுருக்கம் நூற்றுக்கு 7. சுட்டபின் 90 ஆயின் மொத்தச் சுருக்கம் நூற்றுக்கு 10. இவ்வெண்கள் கணக்கைக் காட்டவே இங்குத் தரப்பட்டன. உண்மை எண்களை அளவுகோலிடமிருந்துதான் பெறவேண்டும்.

ஒவ்வொரு வகையிலும் ஏன் மூன்று கட்டிகள் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். ஒரே கட்டியை நம்பினால், அதில் தற்செயலாக நேர்ந்த குறையே விடையாகத் தோன்றிவிடும். மூன்றின் சராசரி அத்தகைய ஏமாற்றத்தைக் குறைக்கும். திட்டக் குறிப்பை முன்னரே எழுதுவதன் பயன் இவ்விடத்தில் விளங்கும். ஒரே கட்டி செய்துவிட்டுப் பின்னர் வருந்துவதைக் காட்டிலும், தாளில் எழுதும்போதே எண்ணிக்கையைத் திருத்திக்கொள்வது எளிதன்றோ?

அபாயத்தை அளந்தறியும் தாள்

மேற்சொன்ன திட்டம் பார்வைக்கு எளியது. ஆயினும் அதில் இரு அபாயங்கள் மறைந்துள்ளன. அவற்றை வெளிப்படுத்துவதே அபாய மதிப்பீட்டுத் தாளின் வேலை.

ஓட்டை உலர்ந்த நிலையில் இடித்தால் நுண்ணிய சிலிக்காத் தூசு எழும். கண்ணுக்குப் புலனாகாத அத்தூசு நெஞ்சுக்குள் சென்று நுரையீரலில் தங்கி, நாளடைவில் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அந்நோயால் பழுதுற்ற நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொணர மருந்து இல்லை. ஓரிரு நாள் வேலையால் நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் பல்லாண்டு தூசியில் உழைப்போருக்கு நேரும் கேட்டைப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே அறிந்து, தற்காப்பைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே தாளில், ‘ஓட்டை நனைத்துப் பெரியவர் ஒருவர் இடிப்பார். மாணவர் விலகி நிற்பர். சிந்திய தூளை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்போம்’ என்று எழுதவேண்டும்.

சூளை இரண்டாவது அபாயம். பீங்கான் பாண்டங்கள் 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டியும் அதற்கு மேலும் சுடப்படுகின்றன. சாதாரணக் களிமண் கட்டிக்கு அதைவிடக் குறைந்த சூடு போதும் எனினும், அதுவும் பிள்ளைகள் அருகில் நிற்கத் தக்கதன்று. சூளையில் அடுக்குவதும், சுடுவதும், ஆறியபின் எடுப்பதும் தொழில் அறிந்தவர் பொறுப்பு என்று தாளில் தெளிவாக இருக்கட்டும். பளபளப்புப் பூச்சைப் பற்றிய ஆராய்ச்சியாயின், பூச்சில் ஈயம் உண்டா என்று கேட்டறிந்து, உண்டெனில் அதைத் தவிர்ப்பதே நன்று. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு.

தொழிற்கூடத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன் தலைமையாசிரியர் அக்கூடத்தின் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதி மறுமொழி பெறுதல் வேண்டும். எந்நாள், எத்தனை பேர், எந்த ஆசிரியருடன், எதைப் பார்க்க வருகின்றனர் என்பவற்றோடு, பிள்ளைகள் எவ்வேலையிலும் ஈடுபடுத்தப்பட மாட்டார்கள் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். 14 வயது நிறையாதவரை வேலைக்கு அமர்த்துவதை, குடும்பத் தொழிலில் உதவுதல் முதலிய சில விலக்குகளோடு, 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுக்கிறது. 18 வயது நிறையாதவரை அபாயத் தொழில்களில் அமர்த்தலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதி. இக்கடிதம் பிள்ளைகளுக்கும் காப்பு, உரிமையாளருக்கும் காப்பு.

கேட்டுப் பெறும் இசைவு

சில மாணவர் பாண்டத்தை விட்டு, பாண்டம் செய்வோரைப் பற்றி ஆராய விரும்புவர். ‘தூசியில் வேலை செய்வோரில் இருமல் உடையோர் எத்தனை பேர்?’ என்பது நல்ல வினாவே. ஆனால் ஒருவரது உடல்நிலையைக் கேட்பது அவரது வீட்டுக்குள் நுழைவதற்கு ஒப்பாகும். வாயிலில் நின்று அனுமதி கேட்டல் பண்பாடு. இசைவுத் தாளின் தத்துவம் அதுவே.

இசைவுத் தாள் எளிய தமிழில் ஒரு பக்கத்துக்குள் அமையட்டும். நாம் யார், எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும், விடைகளை யார் பார்ப்பர் என்பன அதில் இருக்க வேண்டும். ‘விருப்பம் இல்லையேல் மறுக்கலாம், இடையில் நிறுத்தவும் செய்யலாம், தங்கள் பெயர் எங்கும் வெளிவராது’ என்ற உறுதியும் வேண்டும். எழுத்தறியாப் பெரியவருக்கு அதைப் படித்துக் காட்டி, அவர் இசைந்தபின் சாட்சி ஒருவர் முன்னிலையில் கைந்நாட்டுப் பெறலாம். முதலாளியின் முன்னிலையில் தொழிலாளியிடம் வினவுவது தகாது. அவர் அச்சத்தால் ஒன்றை மறைக்க நேரிடும். வினாத்தாளில் பெயரை எழுதாமல் எண் மட்டும் இடுவது சாலச் சிறந்தது.

பன்னாட்டுக் கண்காட்சியின் விதிப்படி, மனிதரை உட்படுத்தும் ஆராய்ச்சியை மூவருக்குக் குறையாத ஒரு குழு முன்னரே பார்வையிட்டு ஒப்ப வேண்டும். ஓர் ஆசிரியர், ஒரு பள்ளி நிர்வாகி, மருத்துவ அறிவுடைய ஒருவர் ஆகியோர் அதில் இடம்பெறுவர். நம் ஊர்ப் பள்ளியிலும் அம்முறையைப் பின்பற்றலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவரை அழைத்து வினாத்தாளைக் காட்டினால், எக்கேள்வி மனத்தைப் புண்படுத்தும், எக்கேள்வி பயன் தரும் என்று அவர் எடுத்துரைப்பார்.

நாட்குறிப்பு

தாள்கள் அனைத்திலும் உயிர் போன்றது நாட்குறிப்பு. தைத்த நோட்டுப் புத்தகமே இதற்கு ஏற்றது. தனித்தனித் தாள்கள் பறந்துபோகும், இடையில் ஒன்றைச் செருகினார்களோ என்ற ஐயத்துக்கும் இடந்தரும். பக்கங்களுக்கு முதலிலேயே எண் இட்டுவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் தேதி, நேரம், செய்தது, அளந்தது, உடனிருந்தவர் ஆகியவற்றைப் பேனாவால் எழுதவேண்டும். பிழை நேர்ந்தால் அழிக்காமல் ஒரு கோடு கிழித்துச் சரியானதைப் பக்கத்தில் எழுதலாம். வழிகாட்டும் ஆசிரியர் வாரம் ஒருமுறை பார்த்துத் தேதியுடன் கையெழுத்திடுவாராக.

வானிலையையும் குறித்தல் நன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டி உலர நாள் கூடும். பங்குனி வெயிலில் விரைந்து உலர்ந்து மேற்புறம் வெடிக்கும். எச்சூழலில் எது நேர்ந்தது என்பதைக் குறிப்பே காட்டும். சூளை ஆறிய வேகமும் அவ்வாறே. களிமண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ் என்னும் கல் 573 டிகிரி செல்சியஸில் திடீரெனத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அச்சூட்டைக் கடக்கும்போது சூளை விரைந்து ஆறினால் பாண்டம் விரிசல் காணும். ‘இரண்டாம் கட்டி வெடித்தது. அன்று சூளைக் கதவு வழக்கத்துக்கு முன்னரே திறக்கப்பட்டது’ என்ற ஒரு வரி, நடுவரின் கண்ணுக்குப் பத்து வண்ணப் படங்களைவிட மேலானதாகத் தோன்றும்.

வெடித்த கட்டியை எறிந்துவிட்டு எட்டுக் கட்டிகளே செய்ததாக எழுதுவது பொய். ஒன்பதில் ஒன்று வெடித்தது என்று எழுதுவது விஞ்ஞானம். எதிர்பார்த்த விடை வராமல் போனாலும் அதனை மறைக்க வேண்டுவதில்லை.

சுருக்கமும் அறிக்கையும்

வேலை முடிந்தபின் எழுதப்படுவன இவை இரண்டே. பன்னாட்டுக் கண்காட்சியில் சுருக்கம் 250 சொற்களுக்குள் அடங்க வேண்டும். எந்த அரங்குக்கும் இவ்வளவு நல்ல அளவே. ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம், என்ன கண்டோம், அதனால் அறிவது யாது என்ற நான்குக்கும் இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். அறிக்கையில் அட்டவணையும் வரைபடமும் சேர்க்கலாம்.

உதவியோர் பெயரைச் சொல்லும் பகுதியை உபசாரமாகக் கருதலாகாது. ஓட்டை இடித்துத் தந்தவர் யார், சுட்டுத் தந்தவர் யார், கணிப்பொறியில் தட்டச்சு செய்தவர் யார் என்று சொன்னால்தான், மீதமுள்ள வேலை பிள்ளைகளுடையது என்பது விளங்கும். நடுவர் முன் நின்று பதிலளிக்கப் போவது பிள்ளையே. ஆசிரியர் எழுதிக் கொடுத்த அழகிய அறிக்கை, முதற் கேள்வியிலேயே அதை அளித்த பிள்ளையைத் தலைகுனியச் செய்யும். பிள்ளையின் எளிய நடையை ஆசிரியர் திருத்தலாம். அதை எடுத்துவிட்டுத் தம் நடையைப் புகுத்தலாகாது.

பெயரும் கணக்கும்

இனி, சிறிதெனத் தோன்றிப் பெருந்தடையாவது பெயர். நம் நாட்டு வழக்கப்படி தந்தையின் பெயரை முதலெழுத்தாக இடுகிறோம். பள்ளிப் பதிவில் ‘மு. செல்வி’ என்றும், ஆதார் அட்டையில் ‘செல்வி முருகன்’ என்றும், வங்கிப் புத்தகத்தில் ‘செல்வி மு.’ என்றும் இருந்தால், மனிதர் கண்ணுக்கு ஒருவரே. இயந்திரத்தின் கணக்கில் மூவர்! இன்ஸ்பயர் மானக் பரிசுத் தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்வதாகையால், பெயர், கணக்கு எண், கிளைக் குறியீடு ஆகியவற்றை ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. இயங்காமல் கிடக்கும் கணக்கை முன்னரே உயிர்ப்பித்துக்கொள்ள வேண்டும். அத்திட்டத்துக்குப் பள்ளி முதலில் தன்னை இணையத்தில் பதிவு செய்துகொண்டு, பின்னரே மாணவரின் கருத்தை அனுப்ப இயலும். கருத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். கடைசி நாளில் இணையம் நெரிசலால் தடைப்படுவது இயல்பாதலின், ஒரு வாரம் முன்னரே அனுப்பி, ஒப்புகையை அச்சிட்டு வைப்பது அறிவுடைமை.

எப்பொழுது எதனை எழுதுவது?

1. தொடங்குமுன்: திட்டக் குறிப்பு, அபாயத் தாள், பெற்றோர் இசைவு, தலைமையாசிரியர் ஒப்புதல், தொழிற்கூடத்துக்குக் கடிதம், வினவுவதாயின் வினாத்தாளும் குழுவின் ஒப்புதலும்.
2. நடக்கும்போது: நாட்குறிப்பு, பங்கு பெறுவோரின் இசைவுத் தாள்கள், வாங்கிய பொருள்களின் ரசீதுகள்.
3. முடிந்தபின்: அறிக்கை, சுருக்கம், உதவியோர் பட்டியல், சென்ற ஆண்டின் தொடர்ச்சியாயின் அதைப் பற்றிய குறிப்பு.
4. எப்பொழுதும்: எல்லாவற்றிற்கும் ஒரு நகல் பள்ளியில்.

முதல் வரிசையில் உள்ளவற்றைப் பின்னால் எழுதி முன்தேதி இடும் வழக்கம் அறவே கூடாது. அது விதிக்கு மாறு என்பதோடு, பிள்ளைகளின் உள்ளத்தில், ‘தாள் என்பது பொய்க்கான இடம்’ என்ற எண்ணத்தை விதைக்கிறது. நாளை அவர்களே கிராம அலுவலராகவும் செவிலியராகவும் பொறியாளராகவும் வருவர். அன்று அவர்கள் இடும் கையெழுத்தை நம்பி ஊர் வாழ வேண்டும் என்பதை மறவாதிருப்போம்.

ஊரார் கடமை

இப்பணியை ஆசிரியர் ஒருவர் தலையிலேயே சுமத்துவது முறையன்று. ஊராட்சி நூலகத்தில் ஒரு கணிப்பொறியும் அச்சுப்பொறியும் மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கலாம். கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் படிவம் நிரப்பத் துணைபுரியலாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் இசைவுத் தாளைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டலாம். பீங்கான் தொழிலாளர், ‘இப்படிச் சுட்டால் வெடிக்கும் அம்மா’ என்று தம் அனுபவத்தைச் சொல்லித் தரலாம். அவர்களும் ஒருவகையில் ஆசிரியர்களே.

பச்சைக் களிமண் மழையில் கரைந்துவிடும். சூளையில் சுட்டபின் அதுவே தலைமுறைகள் கடந்து நிற்கும். பிள்ளையின் மனத்தில் எழும் கருத்தும் அத்தகையதே. அது எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டு, உண்மையாகப் பதியப்பட்ட பின்னரே பிறர் கையில் எடுத்துப் பயன்படுத்தும் பொருளாகிறது. வரும் பள்ளி ஆண்டில் ஒவ்வொரு கிராமப் பள்ளியிலும் ஒரு தைத்த நோட்டும் ஒரு நல்ல வினாவும் இருக்குமாறு செய்வோமாக.